இரண்டாம் பக்கத்துப் புதுமணத் தம்பதி

அண்ணி: இல்ல தம்பி, மறுபடி சொல்றேன் கேளு. ரெண்டாம் பக்கம் போனா வேற யாரோட வீடோ வருது!

தம்பி: எல்லாமே வேற யாரோட வீடுதானே அண்ணி? வாடகை வீடு தேடற சைட் இது!

அண்ணி: வாயைப் பாரு! நான் கேட்ட வீடு வரலேங்கறேன். மூணு ரூம், தரைத்தளம், பள்ளிக்கூடம் பக்கத்துல... இதையெல்லாம் டிக் பண்ணித் தேடினேன். முதல் பக்கம் அழகா வந்துச்சு. 'அடுத்த பக்கம்' அமுக்கினேன்...

தம்பி: அமுக்கினீங்க...

அண்ணி: 'புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்'னு வந்து நிக்குது.

தம்பி: க்கும்... க்கும்...

அண்ணி: என்ன திடீர்னு இருமல்?

தம்பி: காபி... புரையேறிடுச்சு.

அண்ணி: கப் காலியா இருக்கு.

தம்பி: அதான், கடைசி வாய்.

அண்ணி: மழுப்பாதே. கல்யாணம் ஆகி நானும் உங்க அண்ணனும் ரெண்டு பசங்களைப் பெத்தாச்சு. என்னைப் பார்த்து புதுமணத் தம்பதிங்குது நீ எழுதின ஜாவா ப்ரோக்ராம்!

தம்பி: சந்தோஷப்படுங்களேன்.

அண்ணி: சந்தோஷமா? சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் தரகுக் கம்பெனிக்காரங்க வந்துடுவாங்க. அவங்க எதிர்ல இது ஒழுங்கா ஓடினா உனக்கு வேலை நிரந்தரம், ஓடலேன்னா இந்த மாசத்தோட கும்பிடுன்னு மேனேஜர் சொன்னாரா இல்லையா?

தம்பி: அதை மறப்பேனா? இது நிரந்தரம் ஆனாத்தான் நான்...

அண்ணி: நீ?

தம்பி: ...நிம்மதியா தூங்குவேன்.

அண்ணி: இப்பவே கும்பகர்ணன்தான். வா இங்க, பாரு.

தம்பி: அண்ணி, கொஞ்சம் மெதுவா. எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க.

அண்ணி: பார்க்கட்டும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு வாசல்ல நின்னு "அண்ணி, டாய்லெட் எங்க?"ன்னு கத்தினியே, அப்போ இந்த மெதுவெல்லாம் எங்க போச்சு? அன்னையிலேர்ந்து மேனேஜர்கூட என்னை அண்ணிங்கறார். இந்த ஆபீஸ்ல எனக்கு ஒரு பேர் இருந்ததே எல்லாருக்கும் மறந்துபோச்சு.

தம்பி: சரி சரி... பிரவுசர் பழசை ஞாபகம் வச்சிருக்கும். அதை அழிச்சுடுங்க, சரியாயிடும்.

அண்ணி: அழிச்சாச்சு.

தம்பி: மெஷினை ஒரு தடவை அணைச்சு...

அண்ணி: அணைச்சுப் போட்டாச்சு. போன்லயும் பார்த்தாச்சு. டெஸ்ட்டர்கிட்டயே கதை விடறியா?

தம்பி: அப்போ வாலைப் படிங்க.

அண்ணி: நல்ல பேர் வச்சே போ! போன வாரம் மீட்டிங்ல மேனேஜரே "வால் சரியா இருக்கா"ன்னு கேட்டார். வந்திருந்த புதுப்பையன் மேஜைக்குக் கீழ குனிஞ்சு பார்த்தான்.

தம்பி: பின்ன என்ன சொல்றது? அட்ரஸ்ல கேள்விக்குறிக்கு அப்புறம் நீளமா தொங்குது. நாம டிக் பண்றது ஒவ்வொண்ணும் அதுலதான் போய் உட்காருது. வால்தானே அது? படிங்க அண்ணி, நேரமாகுது!

அண்ணி: முதல் பக்கம்... கேள்விக்குறி, ரூம் சமம் மூணு, தளம் சமம் தரை, ஸ்கூல் சமம் ஆமா, பக்கம் சமம் ஒண்ணு. சுத்தமா இருக்கு.

தம்பி: பார்த்தீங்களா!

அண்ணி: இரு. ரெண்டாம் பக்கம்... கேள்விக்குறி, ரூம் சமம் ஒண்ணு! என் மூணு எங்கடா போச்சு?

தம்பி: ஒண்ணா...?

அண்ணி: தளம் சமம் மாடி. ஸ்கூல் சமம் ஆமா. யாருக்கு சமம் புதுமணம். பூனை சமம் ஆமா. பக்கம் சமம் ரெண்டு.

தம்பி: பூனையும் வந்துடுச்சா...

அண்ணி: என்னது?

தம்பி: பூனை எப்படி வந்துச்சுன்னு கேட்டேன்!

அண்ணி: அதைத்தான் நானும் கேக்கறேன். ஒரே ரூம், அதுவும் மாடியில. புதுசா கல்யாணம் ஆன ஜோடி, கூட ஒரு பூனை, ஆனா பள்ளிக்கூடம் மட்டும் பக்கத்துல வேணும். பூனையைப் படிக்க வைக்கப் போறாங்களா?

தம்பி: சிரிப்பு காட்டாதீங்க அண்ணி, அவங்க வந்துடுவாங்க.

அண்ணி: நம்ம ஆபீஸ்ல பூனை வச்சிருக்கறது யாரு?

தம்பி: நிறைய பேர் வச்சிருப்பாங்க. நாம கேட்டோமா என்ன?

அண்ணி: டிசைனர் பொண்ணு ஒருத்திதான். தினமும் கறுப்புச் சட்டையில வெள்ளை முடியோட வந்து நிக்கறா.

தம்பி: அவங்களா? அவங்க எதுக்குப் புதுசா கல்யாணம் ஆனவங்க வீட்டை... பட்டன் எடுப்பா இருக்கான்னு அமுக்கிப் பார்த்திருப்பாங்க.

அண்ணி: இருக்கும் இருக்கும். திரும்பு, உன் தோள்லயும் வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு.

தம்பி: நாற்காலி! மீட்டிங் ரூம் நாற்காலியில ஒட்டியிருக்கும்!

அண்ணி: நான் ஒண்ணும் சொல்லலையே. ஏன் இப்படிப் பதறறே? ...அதோ, அவளே வர்றா.

டிசைனர்: அக்கா! நீங்க கேட்ட மாதிரி 'தேடு' பட்டனைப் பெருசாக்கிட்டேன். இப்போ கண்ணாடி இல்லாம பார்த்தாலும் தெரியும்... என்ன, ரெண்டு பேர் முகமும் இப்படி இருக்கு?

தம்பி: ஆபீஸே அண்ணிங்குது, நீங்க மட்டும் எப்போலேர்ந்து அக்கா?

டிசைனர்: எனக்கு... வாயில அதான் வருது.

அண்ணி: அவளுக்கு எது பிடிச்சிருக்கோ அப்படிக் கூப்பிடறா, உனக்கென்ன வந்துச்சு? ஏம்மா, இன்னைக்குக் காலையில இந்த சைட்ல ஏதாவது வீடு தேடினியா?

டிசைனர்: நானா? இல்லையே அக்கா. பட்டனோட மல்லுக்கட்டிட்டிருந்தேன்.

அண்ணி: புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு, மாடியில, பூனையோட...

டிசைனர்: ...இல்ல அக்கா. சத்தியமா நான் இல்ல.

தம்பி: அதான் அவங்க இல்லேங்கறாங்களே! விடுங்க அண்ணி. என் மெஷின்ல ஓட்டிப் பார்க்கறேன். இதோ, ரூம், தளம்... தேடு. அடுத்த பக்கம்...

அண்ணி: என்ன வருது?

தம்பி: ஸ்கூல்.

அண்ணி: ஸ்கூலா?

தம்பி: 'பள்ளிக்கூடம் பக்கம்'னு டிக் ஆகியிருக்கு. நான் அதைத் தொடவே இல்ல அண்ணி! உங்களோடது என் வாலுக்கு வந்திருக்கு! அப்போ... அட... அடச்சே! கண்டுபிடிச்சுட்டேன்! கண்டுபிடிச்சுட்டேன்!

டிசைனர்: என்ன? என்ன? சொல்லுங்க!

தம்பி: இவ்வளவு சின்ன விஷயம்! தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. காலையில உங்களோடது எனக்கும், என்னோடது உங்களுக்கும்...

அண்ணி: உன்னோடதா?

தம்பி: ...போச்சு.

அண்ணி: என்ன போச்சு?

தம்பி: தப்பு போச்சுன்னு சொல்ல வந்தேன். இந்த வரியை இங்கேர்ந்து எடுத்து அங்க போட்டா முடிஞ்சுது. இதோ... போட்டாச்சு. சர்வர்ல ஏத்தறேன். ஓகே போட்டுடுங்க அண்ணி.

அண்ணி: காரணம்?

தம்பி: காரணம் எதுக்கு? அதான் சரியாயிடுச்சே!

அண்ணி: காரணம் தெரியாம நான் ஓகே போட்டதா சரித்திரமே கிடையாது. போன தடவை "எப்படியோ சரியாயிடுச்சு அண்ணி"ன்னே, உன் முகத்தைப் பார்த்து விட்டுட்டேன். என்ன ஆச்சு? வந்தவங்க எதிர்ல ஒரு போட்டோகூட வரல. மேனேஜர் கையால படம் வரைஞ்சு காட்டினார்.

டிசைனர்: கிணறு வரைஞ்சார். அவங்க அதை நீச்சல் குளம்னு நெனைச்சு வாடகை கேட்டாங்க.

அண்ணி: ஆங்! அதனால, காரணத்தைச் சொல்லு, ஓகே வாங்கிக்கோ. எங்க தப்பு, எதனால வந்துச்சு, எப்போ வரும். தெளிவா சொல்லு.

தம்பி: சொல்றேன்... இந்தத் தேடல் வேலைக்குன்னு நான் எழுதியிருக்கற ஜாவா க்ளாஸ்னு ஒரு கோட் துண்டு இருக்கே, சர்வர்ல அது ஒண்ணே ஒண்ணுதான் உருவாகும். ஒருத்தர் வந்தாலும் ஊரே வந்தாலும் அதே ஒண்ணுதான் எல்லாருக்கும் பதில் சொல்லும்.

அண்ணி: சரி.

தம்பி: 'அடுத்த பக்கம்' அமுக்கினா பக்க நம்பர் மட்டும்தான் எனக்கு வரும். ரூம், தளம் எல்லாத்தையும் நான் ஏற்கெனவே ஒரு மேப்ல, அதாவது ஒரு பட்டியல்ல, போட்டு வச்சிருப்பேன். அதுலேர்ந்து எடுத்து ஒட்டி, புது வால் பண்ணி அனுப்புவேன். அந்த மேப்பை எங்க வச்சேன்னா... வர்ற ஆளுக்கு ஆள் புதுசா எடுக்கற மாதிரி மெத்தடுக்குள்ள வைக்காம, க்ளாஸ் தலையில எல்லாருக்கும் பொதுவா வச்சுட்டேன்.

டிசைனர்: எனக்குப் புரியற மாதிரி?

தம்பி: ஹோட்டல்ல எல்லா மேஜைக்கும் ஒரே சீட்டுல ஆர்டர் எழுதினா எப்படி இருக்கும்? நீங்க காபி கேட்டீங்க. பக்கத்து மேஜைக்காரர் டீ கேட்டார். காபியை அடிச்சு டீன்னு எழுதியாச்சு. நீங்க 'இன்னொண்ணு'ன்னு சொன்னா டீதான் வரும்.

டிசைனர்: அய்யய்யோ! அப்போ இத்தனை நாளா ஏன் வரல?

தம்பி: இத்தனை நாளா நான் ஒருத்தனேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். ஒரே ஆள், ஒரே சீட்டு, ஒரு வம்பும் இல்ல. அதனால இந்தத் தப்பு என் கண்ணுல படவே இல்ல. இப்போ சீட்டு ஆளுக்கு ஒண்ணு. வால் வந்ததும் அதைப் பிரிச்சு, பக்க நம்பரை மட்டும் மாத்தி, மறுபடி கோத்து அதே ஆளுக்குத் திருப்பி அனுப்பறேன். வேற யார்கிட்டயும் எதுவும் ஒட்டாது.

அண்ணி: பலே! அருமையா சொன்னே.

தம்பி: ஓகேவா?

அண்ணி: ஒரே ஒரு சந்தேகம். நான் தேடின அதே நேரத்துல பக்கத்து மேஜையில இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கணும் இல்லையா?

தம்பி: ...ஆமா.

அண்ணி: இந்த சைட்டுக்குள்ள நுழைய நம்ம மூணு பேருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கு.

தம்பி: ...ஆமா.

அண்ணி: இவ தேடலேங்கறா. நான் மூணு ரூம் தேடினேன். அப்போ அந்த ஒரு ரூம்...

தம்பி: டெஸ்ட்டுக்கு! டெஸ்ட்டுக்குத் தேடினேன் அண்ணி!

அண்ணி: டெஸ்ட் பண்ண நான் இருக்கேன். உனக்கு எதுக்கு அந்த வேலை?

தம்பி: ஒரு... ஆர்வம்.

அண்ணி: ஆர்வம்! பூனையைத் தூரத்துல பார்த்தாலே நாற்காலி மேல ஏறி நிக்கற ஆளு, பூனையோட குடித்தனம் பண்ண வீடு தேடினானாம், ஆர்வத்துல!

தம்பி: என்னை மட்டும் கேக்கறீங்களே, நீங்க? மூணு ரூம், தரைத்தளம், பள்ளிக்கூடம் பக்கம்... நாம இருக்கறது ரெண்டு ரூம் வீடு. நீங்களும் அண்ணனும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வீடு மாத்தப் போறீங்களா?

அண்ணி: ...நானும் டெஸ்ட்டுக்குத்தான் தேடினேன்.

தம்பி: பார்த்தீங்களா, உங்களுக்கும் புரையேறுது!

டிசைனர்: கடவுளே! ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க! மேனேஜர் போன் பண்றார்... ஹலோ? ஆமா சார்... கீழயே வந்துட்டாங்களா? ...வந்துட்டாங்களாம்! லிஃப்டுக்கு நிக்கறாங்களாம்! நான்தான் உள்ள போய்க் காட்டணும். நீ அந்தச் சீட்டை ஆளுக்கு ஒண்ணா வச்சியா இல்லையா, ஒழுங்கா சொல்லு!

தம்பி: வச்சுட்டேன்மா, பதறாதே!

அண்ணி: 'நீ'யா? 'மா'வா?

டிசைனர்: அவசரத்துல வாய் தவறிடுச்சு அக்கா.

அண்ணி: ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல தவறுது, ஆச்சரியம்தான். சரி, ஓடுங்க, அவங்கவங்க மெஷினுக்கு! நான் கை தட்டினதும் மூணு பேரும் ஒண்ணா தேடணும். ஆளுக்கு ஒரு வீடு. நான் மூணு ரூம். தம்பி, நீ உன் 'ஆர்வம்'. நீ என்னம்மா?

டிசைனர்: நான் ரெண்டு ரூம், லிஃப்ட் வேணும்.

அண்ணி: ம்... இப்போ! ...வந்துடுச்சா? இப்போ அடுத்த பக்கம், ஒண்ணா அமுக்குங்க!

டிசைனர்: ரெண்டு ரூம்! லிஃப்ட்! என்னோடது என்கிட்டயே இருக்கு!

தம்பி: எனக்கு ஒரு ரூம். ஸ்கூல் இல்ல. போயிடுச்சு!

அண்ணி: எனக்கு மூணு. மறுபடி! மூணாம் பக்கம்! ...இருக்கு. பின்னாடி போங்க! ...இருக்கு. நானே வாலைப் பிடிச்சு, பக்கம் சமம் மைனஸ் அஞ்சுன்னு எழுதறேன்.

தம்பி: முதல் பக்கம் வரும்.

அண்ணி: வந்துடுச்சு. தேடற சொல்லுக்கு நடுவுல, வால்ல ஒவ்வொண்ணையும் பிரிக்கற அந்த அண்ட் குறியைப் போட்டா வால் அறுந்துடுமே?

தம்பி: அறுந்துபோகாது. அந்தக் குறியை வேற எழுத்தா மாத்தித்தான் வால்ல ஏத்தறேன். போட்டுப் பாருங்க!

அண்ணி: ...அறுந்துபோகல. அட, கெட்டிக்காரா! ஓகே. போட்டாச்சு ஓகே! போம்மா, போ! தைரியமா காட்டு!

டிசைனர்: பட்டனைத் தப்பா அமுக்கிட்டா அக்கா?

அண்ணி: பட்டனைத்தான் பெருசாக்கிட்டியே. கண்ணை மூடி அமுக்கினாலும் தப்பாம விழும். போ!

தம்பி: போயிட்டா... போயிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க. அண்ணி, மீட்டிங் ரூம் கண்ணாடி வழியா சத்தம் கேக்காதே. என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?

அண்ணி: முகத்தைப் பார்த்தா தெரியும். நகத்தைக் கடிக்காதே. உன்னையே உள்ள விட்டிருக்கலாம், மேனேஜர்தான் ஒத்துக்கல.

தம்பி: நல்லவேளை. போன தடவை நான் பேசினது எனக்கே புரியல.

அண்ணி: முதல் பக்கம் காட்டறா. நடுவுல உட்கார்ந்திருக்கற தாடிக்காரர்தான் முதலாளி போல. ...தம்பி.

தம்பி: ம்?

அண்ணி: அவங்க வெளிய வர்றதுக்குள்ள சொல்லிடு. அந்த ஒரு ரூம் யாருக்கு?

தம்பி: இப்பவா? என் உயிரே அந்த ரூமுக்குள்ள இருக்கு அண்ணி!

அண்ணி: அதைத்தான் கேக்கறேன். உள்ள நிக்கறாளே, அவளா?

தம்பி: ...ஆமா.

அண்ணி: ம்.

தம்பி: அவளேதான். இந்த வேலை நிரந்தரம் ஆனதும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். அதுக்குத்தான் வீடு பார்த்தேன். கம்பெனிக்காரங்க கொடுத்த நிஜ வீடெல்லாம் இதுல இருக்கே, வேலைக்கு நடுவுல சும்மா பார்ப்போம்னு... அவங்களுக்கு முன்னாடி நானே பாதி வீட்டைப் பார்த்து முடிச்சுட்டேன்.

அண்ணி: எங்ககிட்ட எப்போ சொல்றதா இருந்தே?

தம்பி: வீடு கெடைச்சப்புறம்.

அண்ணி: அடப்பாவி! பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நின்னு "நான் போறேன்"னு சொல்றதா இருந்தியா?

தம்பி: கோபப்படாதீங்க அண்ணி. நம்ம வீட்டை நெனைச்சுப் பாருங்க. இருக்கறதே ரெண்டு ரூம். ஒண்ணை நான் அடைச்சுக்கிட்டிருக்கேன். பசங்க ரெண்டும் உங்க ரூம்லயே சுருண்டு படுக்குதுங்க. நீங்க ஆபீஸ் கால் வந்தா லேப்டாப்பைத் தூக்கிட்டு சமையல் ரூமுக்கு ஓடறீங்க. அன்னைக்கு மேனேஜர் "பின்னாடி என்ன மழையா?"ன்னு கேட்டார். நீங்க தாளிச்சுக்கிட்டிருந்தீங்க. இதுல நான் இன்னொருத்தியையும் கூட்டிட்டு வந்து எங்க நிக்க வைக்கறது?

அண்ணி: அதனால?

தம்பி: நான் போயிட்டா ஒரு ரூம் காலியாகும். பசங்களுக்கு ஆகும்.

அண்ணி: அதைக் கேட்டேனா நான்? இல்ல உங்க அண்ணன் கேட்டாரா?

தம்பி: நீங்க கேக்க மாட்டீங்க. அதனாலதான் நானே...

அண்ணி: பேசாதே. எனக்கு அழுகை வருது. இவ்வளவு தூரத்துலயா எங்களை நிறுத்தி வச்சிருந்தே? உனக்கு ஜுரம்னா ராத்திரி முழுக்க முழிச்சிருக்கறவருடா உங்க அண்ணன். உனக்குக் கல்யாணம்னா அவருக்குச் சேதி மட்டும் வருமா?

தம்பி: பயம் அண்ணி. "உன் சம்பளமே இன்னைக்கோ நாளைக்கோ, அதுக்குள்ள கல்யாணமா?"ன்னு கேட்டுட்டா என்ன பதில் சொல்லுவேன்? அதான், நிரந்தரம்னு ஒரு வார்த்தையைக் கையில வச்சுக்கிட்டு வந்து நிக்கலாம்னு பார்த்தேன்... அழாதீங்க, ப்ளீஸ். அய்யோ அண்ணி, அங்க பாருங்க!

அண்ணி: என்ன? என்ன ஆச்சு?

தம்பி: தாடிக்காரர் போனை எடுக்கறார்!

அண்ணி: போன் வந்திருக்கும்.

தம்பி: இல்ல, பக்கத்துல இருக்கற ரெண்டு பேரும் எடுக்கறாங்க! அவ பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்கறா! அவங்களே தேடிப் பார்க்கப் போறாங்க அண்ணி. எல்லாரும் ஒரே நேரத்துல!

அண்ணி: கடவுளே! காலையில இருந்த மாதிரியே இருந்திருந்தா...

தம்பி: முதலாளியோட பங்களால பூனை புகுந்திருக்கும். என்னால பார்க்க முடியல. நீங்க பார்த்துச் சொல்லுங்க.

அண்ணி: கண்ணைத் திற, கோழை! ...தேடறாங்க. தாடிக்காரர் கட்டை விரலால தள்ளறார். அந்தக் கண்ணாடி போட்ட அம்மா பக்கத்து ஆளோட போனை எட்டிப் பார்க்கறாங்க.

தம்பி: எதுக்கு எட்டிப் பார்க்கறாங்க? கலந்துடுச்சா?

அண்ணி: இரு! அவங்களோட போனைப் பார்க்கறாங்க... மறுபடி அவரோடதைப் பார்க்கறாங்க... அடுத்த பக்கம் அமுக்கறாங்க...

தம்பி: அண்ணி...

அண்ணி: தலையாட்டறாங்க.

தம்பி: எப்படி? இப்படியா, இப்படியா?

அண்ணி: மேலயும் கீழயும்! சிரிக்கறாங்க! தாடிக்காரர் போனை இவகிட்டயே காட்டி ஏதோ சொல்றார்... மேனேஜர் எழுந்துட்டார்! கை குடுக்கறார்! தம்பி, மேனேஜருக்குப் பல்லே இவ்வளவு இருக்கா?

தம்பி: நிஜமா? தள்ளுங்க, நானும் பார்க்கறேன்! அய்யோ! ஜெயிச்சுட்டோம் அண்ணி! ஜெயிச்சுட்டோம்!

அண்ணி: குதிக்காதே, கண்ணாடி ஆடுது! அங்கேர்ந்து எல்லாரும் உன்னைத்தான் பார்க்கறாங்க!

தம்பி: பார்க்கட்டும்!

டிசைனர்: அக்கா! முடிஞ்சுது! இங்கயே கையெழுத்துப் போடறாங்க! அவரே சொன்னார், "பழைய சைட்ல நான் தேடினதைத் திரும்பத் தேடறதே என் வேலை, இதுல ஒண்ணும் காணாமப் போகல"ன்னு! மேனேஜர் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டார், இதை எழுதின ஆள் இனிமே நிரந்தரம்னு! உங்களைக் கூப்பிடறார், போங்க!

தம்பி: போறேன். இரு. நான் அண்ணிகிட்ட சொல்லிட்டேன்.

டிசைனர்: எதை?

தம்பி: நம்ம விஷயத்தை.

டிசைனர்: ...அப்பாடா!

தம்பி: என்ன அப்பாடா? அண்ணியை அழ வச்சுட்டேன் நான். இன்னும் அண்ணன் பாக்கி. என்கிட்ட மறைச்சு வீடு தேடினியான்னு கேட்டு, இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குள்ளயே விடமாட்டார்.

அண்ணி: எந்த வீட்டுக்குள்ள? புது வீட்டுக்குள்ள இன்னைக்கு யாரையும் விடமாட்டார்தான். பெயிண்ட் காயணும்.

தம்பி: என்ன பெயிண்ட்? என்ன புது வீடு?

அண்ணி: மூணு ரூம் வீடு. போன வாரமே பேசி முடிச்சாச்சு. நான்தான் டெஸ்ட்டுக்குத் தேடினேன்னு சொன்னேனே, நிஜமாவே டெஸ்ட்டுதான். இத்தனை நாள் வேற சைட்ல வீடு தேடித் தேடிக் கை தானா அதையே டிக் பண்ணுது. உங்க அண்ணன் லீவு போட்டுட்டு அங்க ஏணி மேல நிக்கறார். உங்க ரெண்டு பேர் ரூமுக்கு.

தம்பி: எங்க ரெண்டு பேர்... நான் இப்போதானே சொன்னேன்! அதுக்குள்ள ஏணியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி: அதை அவகிட்ட கேளு.

டிசைனர்: கோபப்படக் கூடாது... அக்காகிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன். யாருக்கும் தெரியாம மாடியில போய் ஒளிஞ்சுக்க எனக்கு மனசு வரல. அவன் வாயால அவனே சொல்லட்டும்னு உங்க அண்ணன்தான் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். நீ காட்டின ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறை சொன்னேனே, அதெல்லாம் இதுக்குத்தான்... ரூமுக்கு நான்தான் கலர் எடுத்துக் கொடுத்தேன். இளம்பச்சை. உனக்குப் பிடிக்கும்தானே?